குளிசையை நம்பி நடந்து வந்தவள்

அன்புள்ள நிரோஷா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசி முடித்த பிறகு நான் அந்தக் கதிரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது குளவி ஒன்று கழுத்தில் கொட்டியதாம். உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டியதாம். கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தொடையில் ஓர் ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டதாம். இனிமேல் எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று பேனா மாதிரி ஓர் ஊசியைக் கொடுத்து அனுப்பினார்களாம். அதை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அது அறையில அலுமாரிக்குள்ள இருக்குப்பா. பையில அலர்ஜி குளிசை வச்சிருக்கேன், அதுவே போதும்" என்றாய். ஒவ்வாமை டொக்டரைப் பார்க்க நாள் கொடுத்திருந்தார்கள் என்றும், அறுவடைக் காலம் என்பதால் அதைத் தள்ளிப் போட்டுவிட்டாய் என்றும் சொன்னாய். லைன் சரியில்லை என்று நினைத்து நீ இரண்டு தடவை ஹலோ சொன்னாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. என் நினைப்புத்தான் உன் அம்மாவிடம் போயிருந்தது.

மறுநாள் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பிலிமத்தலாவை மருந்துக்கடையில் இருபது வருடத்துக்கு மேலாக நின்று, முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு இந்தக் குளிசையைப் பற்றி விளக்கிச் சொல்லியிருக்கிறேன். என் சொந்த மகளுக்குச் சொல்ல வாய் எழவில்லை. ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டுமானால் உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எப்படிச் செத்தாள் என்று உனக்கு நான் சொன்னதெல்லாம் ஒரே ஒரு வரி. குளவி கொட்டிச் செத்துப்போனாள் என்பது மட்டும். அது பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை இத்தனை வருடமாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதை நீ படித்த பிறகு யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். கடைக்கு வருகிறவர்கள் படித்தாலும் நல்லதுதான்.

கடல் தாண்டி நீ இருக்கிற ஊரில் இப்போது என்ன மணி என்று கணக்குப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது நீ படுக்கப் போகும் நேரம். போனில் உன் ஊரின் வானிலையைப் பார்ப்பேன். அங்கே மழை என்றால் இங்கே வெயிலிலும் எனக்குக் குளிர்கிற மாதிரி இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீ படித்த காலத்தில் ஐந்தரை மணி பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்குவாய். இன்றைக்கும் அந்த நேரத்துக்கு ஒரு பஸ் வந்து நிற்கிறது. மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே தலையைத் திருப்பி, இறங்குகிறவர்களைப் பார்த்துவிடுகிறேன். மூன்று வருடமாயிற்று. இன்னும் கழுத்துக்குத் தெரியவில்லை, நீ அதில் இல்லை என்று.

ஹேவாஹெட்டப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் உனக்கு ஞாபகம் இருக்காது. அங்கே டிஸ்பென்சரியில் நான் உதவியாள். டொக்டர் ஐயா எழுதித் தருகிற மருந்தை எடுத்துக் கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அலுமாரியைப் பூட்டித் திறப்பது என் வேலை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, காற்சட்டை போட்டு, டிஸ்பென்சரி வாசலில் நிற்கிறவன் என்பதால் சனங்களுக்கு என் மேல் ஒரு மதிப்பு இருந்தது. ஐயா இல்லாத நேரத்தில் என்னையே கேட்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. உன் அம்மா லோகேஸ்வரி கொழுந்து எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் விடமாட்டாள். மலையில் நின்றால் அவளுக்கு வாய் ஓயாது. அவள் இருக்கிற நிரையை அவள் சிரிப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று கங்காணி சொல்வார்.

நீ பிறந்து மூன்று வயது நடக்கும்போது அவளை ஒரு குளவி கொட்டியது. ஒன்றே ஒன்று, முழங்கைக்குக் கீழே. அன்றைக்கே உடம்பு முழுக்கத் தடித்து, இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நான் டிஸ்பென்சரியில் இருந்த சின்ன மஞ்சள் குளிசையில் ஒன்றைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். தூங்கி எழுந்தாள், தடிப்பெல்லாம் போயிருந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போனாள். நான்தான் சுகப்படுத்தினேன் என்று எனக்குப் பெருமை. கை வீங்குவது வேறு, கொட்டாத இடமெல்லாம் தடித்து வாந்தி வருவது வேறு, அது உடம்பு கொடுத்த எச்சரிக்கை என்று எனக்குத் தெரியாது. டொக்டர் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் குளிசையைக் காகிதத்தில் இரண்டு இரண்டாக மடித்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்துப் பெண்களுக்குக் கொடுத்தேன். கொட்டினால் உடனே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும் என்று ஒரு வாத்தியார் மாதிரி நின்று சொன்னேன். யாரும் சந்தேகம் கேட்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உன் அம்மா முன்னால் நின்று, "எனக்கு நல்லா கேட்டுச்சு, அனுபவம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அந்தக் காகிதத்தை அவள் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வருடம், மழை விட்டிருந்த ஒரு காலை, மலை உச்சியில் மரத்தில் இருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். உன் அம்மாவுக்குத் தலையிலும் கழுத்திலும் நாலைந்து இடத்தில் கொட்டியது. அவள் நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். முடிச்சை அவிழ்த்துக் குளிசையை விழுங்கினாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்றிருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. குளிசை போட்டாயிற்று, எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி அந்தச் சரிவில் டிஸ்பென்சரி வரைக்கும் நடந்தே வந்தாள். வந்தும் உட்காரவில்லை. அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் தலைமயிரில் சிக்கியிருந்த செத்த குளவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டொக்டர் ஐயா அன்றைக்குக் கண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் வந்ததில் நான் தடுமாறிப்போனேன். அவளைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்று கேட்டேன். குளிசை போட்டுவிட்டேன் என்றாள். இன்னொன்று கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மாறிவிட்டது. சளி பிடித்தவள் பேசுவது போல இருந்தது. "என்னாங்க, தொண்டையில என்னமோ அடைக்குதுங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிசை போட்டாச்சுல்ல, வேலை செய்ய நேரம் எடுக்கும். கொஞ்சம் பொறு" என்றேன். அவளுக்கு நான் கடைசியாகச் சொன்னது அதுதான், நிரோஷா. பொறு என்று சொன்னேன்.

நான் நின்ற இடத்திலிருந்து மூன்று எட்டில் அலுமாரி இருந்தது. அதற்குள் மேல் தட்டில் அட்ரினலின் ஊசிமருந்து இருந்தது, உனக்குத் தொடையில் போட்ட அதே மருந்து. அலுமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. டொக்டர் ஐயா ஒரு தடவை ஒருவருக்கு அதைப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அதைத் தவறாகப் போட்டால் இருதயம் நின்றுவிடும் என்று யாரோ சொன்னது என் மனதில் கிடந்தது. போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்தேன். அவள் போய்விடுவாள் என்ற பயத்தைவிட, என்னைக் கேட்பார்கள் என்ற பயம்தான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது. லொறி வரட்டும் என்று காத்திருந்தேன். லொறி வந்ததும் அவளை எழுப்பி நடத்திக்கொண்டு போனோம். படியில் கால் வைக்கும்போது, "பாப்பாவ புள்ள மடுவத்துல இருந்து யாரையாச்சும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். அடுத்த காலைத் தூக்கவில்லை. அப்படியே என் மேல் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. நீ அந்த நேரத்தில், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் மற்றப் பிள்ளைகளோடு மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் டொக்டர் ஐயா வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தார். ஊசி போட்டாயா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. மேசைக்கு அருகே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் உனக்குச் சொல்லித் தந்திருக்கணும்" என்றார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குளவியையும் கூட்டை அகற்றாத தோட்ட நிர்வாகத்தையும் திட்டினார்கள். என் கையைப் பிடித்து அழுதார்கள். நான் தலையைக் குனிந்து அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு பிலிமத்தலாவைக்கு வந்தேன். மருந்துக்கடையை நடத்திய சிங்கள அம்மா முறையாகப் படித்த மருந்தாளர். கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் கொடுத்து, எனக்கு வேலையும் கற்றுத் தந்தார். ஒரு நாள் கடலை சாப்பிட்டு முகம் வீங்குகிற தன் மகனுக்கு இந்தக் குளிசை போதுமா என்று ஒரு தாய் கேட்டார். கடை அம்மா பொறுமையாக விளக்கினார். இந்தக் குளிசை அரிப்புக்கும் தடிப்புக்கும்தான், தொண்டை அடைத்து மூச்சுத் திணறுகிறவனை இது காப்பாற்றாது, அதற்கு அட்ரினலின் ஊசிதான், அதையும் உடனே போட வேண்டும், குளிசையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றார். நான் பக்கத்தில் நின்று போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் என்ன செய்திருந்தாலும் உன் அம்மா போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்குப் பின்னால் போய் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். நீ வந்து என் மடியில் ஏறி, ஏன்ப்பா வேர்க்குது என்று கேட்டாய். ஊசி போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைத்திருக்கக்கூடும். அந்தக் கூடும் என்ற சொல்லோடுதான் நான் இத்தனை காலம் இருக்கிறேன்.

உன்னை நான் வளர்த்த விதத்துக்கும் இதுதான் காரணம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உடவத்தைக் காட்டுக்குப் போனபோது உன்னை மட்டும் அனுப்பவில்லை. தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு தடவைகூடக் கூட்டிப் போகவில்லை. லயத்துச் சொந்தத்தை நினைத்து வெட்கப்படுகிறேன் என்று நீ நினைத்தாய், அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னாய். விவசாயம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. "அம்மா நின்ன மண்ணுல நான் ஏன் நிக்கக் கூடாது?" என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத் துணிவு இல்லை. கட்டுநாயக்காவில் உன்னை விமானம் ஏற்றியபோது நாம் இருவரும் சரியாகக் கட்டிப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. பயத்தால் உன்னை மூடி வைத்தேனே தவிர, பயப்பட வேண்டியது எது, அப்போது செய்ய வேண்டியது எது என்று உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரெல்லாம் சொன்னவன் வீட்டில் சொல்லாமல் விட்டேன்.

ஊருக்குச் சொல்லத் தொடங்கியதைப் பற்றியும் சொல்கிறேன். கடைக்கு வருகிற நம் சனங்களுக்கு மருந்துப் பையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பது விளங்காது. விளங்கியதா என்று கேட்டால் தலையாட்டுவார்கள். ஒரு காலத்தில் மடுவத்தில் எனக்கு ஆட்டிய அதே தலையாட்டல். அதனால் நான் விளங்கியதா என்று கேட்பதில்லை. இப்போது வீட்டுக்குப் போய் உங்கள் மகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள் என்பேன். அப்போதுதான் உண்மை தெரியும். ஒருவர் எல்லா மஞ்சள் குளிசையும் ஒன்றுதான் என்பார். இன்னொருவர், முன்பு ஒரு மருந்துக்கு உடம்பு தடித்தது, பேர் மறந்துவிட்டது, இனிக் கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அந்தப் பேரைத் தேடிக் கண்டுபிடித்துத் தமிழில் எழுதி, எந்த டொக்டரிடம் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் இதை நீட்டுங்கள் என்று கொடுப்பேன். பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் கடை அம்மாவின் அனுமதியோடு, ஒரு டொக்டரம்மாவுடன் தோட்டங்களுக்குப் போய்ப் பேசுகிறேன். இதையெல்லாம் நான் உனக்குச் சொன்னதில்லை. எங்கே போகிறீர்கள் என்று நீ கேட்டால் கோயிலுக்கு என்பேன்.

போன வருடம், நான் பேசப் போயிருந்த நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து புஷ்பம் என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். உன் வயதுதான் இருக்கும். தன்னைக் குளவி கொட்டியதாகவும், கண் இருட்டி மூச்சு வாங்கியதாகவும் சொன்னாள். எழும்பி நடக்கப் பார்த்தாளாம். மற்றப் பெண்கள் விடவில்லை. தரையில் படுக்க வைத்துக் காலைக் கூடையின் மேல் உயர்த்தி வைத்து, சாக்கை விரித்து ஆறு பேராகத் தூக்கிக்கொண்டே பாதைக்கு வந்தார்களாம். ஒருத்தி குளிசையை எடுத்தபோது இன்னொருத்தி, குளிசையோடு நிற்கக் கூடாது, ஊசிக்குப் போகணும் என்று சத்தம் போட்டாளாம். ஆஸ்பத்திரியில் வாசலிலேயே ஊசி போட்டார்கள். "நீங்க சொன்னதத்தாங்க அப்படியே செஞ்சாங்க. என்னைய நடக்க விடல" என்றாள். கும்பிட வந்த கையை நான் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். ஒரு மகள் என்றாள்.

ஆகையால் நீ எனக்கு இதைச் செய்து தர வேண்டும். அந்தப் பேனா ஊசியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பையில் வை. மரத்துக்கு அருகே நிற்கும்போதும் அது உன்னோடு இருக்க வேண்டும், வெயிலில் நிற்கிற வண்டிக்குள் இருக்கக் கூடாது. அது காலாவதியாகும் திகதியைப் பார்த்து வை. இரண்டாவது ஒன்று தருவார்களா என்று கேள், சில நேரம் ஒன்று போதாமல் போகும். குளவி கொட்டி மூச்சோ குரலோ மாறினால், தலை சுற்றினால், யோசிக்காமல் தொடையின் வெளிப்பக்கத்தில் போடு, உடுப்பின் மேலேயே போடலாம். போட்டுவிட்டுப் படு, மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தால் காலை நீட்டி உட்கார், ஆனால் எழும்பி நடக்காதே, அந்த நேரத்தில் எழும்பினால் இரத்தம் கீழே இறங்கி இருதயம் நின்றுவிடலாம். அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல். சுகமாகிவிட்டது என்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போ, சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம். உன் கைக்கு முடியாமல் போகிற நேரமும் வரும் என்பதால், கூட வேலை செய்கிற இரண்டு பேருக்காவது அதைப் போடப் பழக்கிக் கொடு. சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, செய்து காட்டச் சொல். குளிசையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிப்புக்கு அது நல்ல மருந்து. அதன் வேலை அவ்வளவுதான். ஒவ்வாமை டொக்டரை இந்த மாதமே பார். குளவி விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குப் பழக்குகிற சிகிச்சை இருக்கிறதாம், அது உனக்குப் பொருந்துமா என்று கேள். அம்மாவுக்கு இருந்ததால்தான் உனக்கும் வந்தது என்று சொல்ல முடியாது என்கிறார் டொக்டரம்மா. என் மனது கேட்கவில்லை, அது என் பாடு.

தோட்டத்து வேலையை விட்டுவிடு என்று நான் கேட்க மாட்டேன். அந்த ஒரு விஷயத்தில் நீதான் சரி. நீ மரத்தடியில் நின்று சிரிக்கிற படத்தை அனுப்பியபோது உன் அம்மா மலையில் நிற்கிற மாதிரியே இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். திட்ட வேண்டும் என்றால் கூப்பிட்டுத் திட்டு. பேச வேண்டாம் என்றால், டொக்டரைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் ஒரு வரி அனுப்பு. நான் காத்திருப்பேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. உன் அம்மா சாகும்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது முடிய இரண்டு வாரம் இருந்தது. வருகிற ஐப்பசியில் நீ அந்த வயதைத் தாண்டுகிறாய். அவளுக்கு முப்பது வயதில் முகம் எப்படி இருந்திருக்கும், நாற்பதில் முதல் நரை எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. நீ வயதாகி வருவதைப் பார்க்க வேண்டும், மகளே. ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

உன் அப்பா